மேஸ்திரி ஏன் தண்ணீரைக் கொட்டுகிறது

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், எதையோ சமைத்துச் சாப்பிடுகிறேன். அதையே நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது? உங்கள் காதுக்கு ஒரு கருவி வாங்கி மாட்டச் சொல்லி உங்கள் தங்கை கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். இனி அதை நான் சொல்ல வேண்டும். போன வாரம் போனில் நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன சண்டை என்று கேட்டுவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் எல்லாரும் கிளம்பிப் போன மறுநாளே சமையலறைக் குழாயை மாற்றிவிட்டேன். அன்று கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தபோது அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னீர்கள், "ஆஸ்பத்திரிக் குழாயெல்லாம் பார்க்கிற ஆளு, என் தங்கச்சி கேட்ட ஒரே ஒரு குழாயைச் சரி பண்ணிக் குடுக்கல" என்று. துக்கத்தில் வருகிற வார்த்தைதான், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முழங்கையால் தட்டித் திறப்பார்களே, நீளக் கைப்பிடி வைத்தது, அந்த வகையில் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். ஒரு சொட்டு ஒழுகாது. பார்க்கத்தான் அவள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேஸ்திரியை உங்களுக்குத் தெரியும், அவள் வளர்த்த பூனை. நான் எந்த வேலையை எடுத்தாலும் பக்கத்தில் வந்து கைகளை மடக்கி உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை பார்க்கும் என்பதால் அவள் வைத்த பெயர். 'அது' என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, 'அவர்' என்றுதான் சொல்வாள். அவள் போனதிலிருந்து இது தண்ணீர்க் கிண்ணத்தோடு ஒரே வம்பு. முன்காலை உள்ளே விட்டுக் கலக்குகிறது, இழுக்கிறது, கவிழ்க்கிறது. வேலை முடிந்து வந்தால் தரை முழுக்கக் குளம். நேற்று வழுக்கி விழப் பார்த்தேன். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும், மற்ற இடத்தில் இருக்கக்கூடாது. நான் இத்தனை காலம் பார்த்த வேலை அது ஒன்றுதான். ஒரு முழு ஆஸ்பத்திரியில் அதை நடத்திக்காட்டுகிறேன், ஒரு கிண்ணத்தில் முடியவில்லை.

நீங்கள் மேஸ்திரியை எடுத்துக்கொள்ள முடியுமா? அவளுக்கு ரத்த சொந்தம் நீங்கள்தான். பூனையையும் கொடுத்துவிட்டால் பிறகு நமக்குள் எழுதிக்கொள்ள என்ன இருக்கும் என்று யோசித்தேன். இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 11

அன்பு மாப்பிள்ளைக்கு,

செவிட்டு மச்சான் எழுதிக்கொள்வது. தாள் கோணல் மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். அச்சகத்தில் வெட்டி மிச்சமாகிற துண்டு, எனக்குச் சும்மா கிடைக்கிறது. அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் அறுப்பேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். காதுக் கருவி எனக்கு எதற்கு? இங்கே பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. என் தங்கச்சி பாப்பா பேச்சு ஒன்றுதான் கேட்கிற மாதிரி இருந்தது. அவள் ஒருத்திதான் எனக்காகக் கத்தாமல் வாயை நன்றாகத் திறந்து மெதுவாகப் பேசுவாள்.

பூனையை எடுத்துக்கொள்ள மனசு இருக்கிறது மாப்பிள்ளை, வீட்டில் வழி இல்லை. ஒரு முடி பறந்தால் போதும், உங்கள் அக்கா ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் உங்களுக்கு நான் வைத்தியம் சொல்ல முடியும். சிரிக்காதீர்கள். போன மாதம்தான் வீட்டு விலங்குகளைப் பற்றி ஒரு புத்தகம் எங்கள் இயந்திரத்தில் ஓடியது. மை சரியாக விழுகிறதா என்று பார்க்கிற சாக்கில் முக்கால்வாசி படித்துவிட்டேன், ஆக இப்போது நான் முக்கால் டாக்டர். பூனைக்கு அசையாத தண்ணீரின் மேல்மட்டம் நன்றாகத் தெரியாதாம். தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று காலால் தொட்டுப் பார்க்குமாம். கிண்ணம் குறுகலாக இருந்தால் மீசை இடிக்கும், அது பிடிக்காது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாலும் பிடிக்காது. ஆகையால் அகலமான, கனமான பாத்திரமாக வாங்கி, சாப்பாட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். சரியாகிவிடும். சரியாகாவிட்டால் புத்தகம் எழுதியவரைப் பிடியுங்கள், அச்சடித்தவனை விட்டுவிடுங்கள்.

அன்று நான் பேசியதை எழுதியிருந்தீர்கள். அதை விடுங்கள். அந்த நேரத்தில் வாயில் என்ன வருகிறது என்று யாருக்குத் தெரியும். குழாயை மாற்றிய செய்தியை உங்கள் அக்காவிடம் சொன்னேன். கடிதத்தை வாங்கித் தானே படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்படியே போய்ப் படுத்துவிட்டாள். அவளுக்கும் பாப்பா ஞாபகம்தான், வேறென்ன.

பூனை இல்லாவிட்டால் எழுத ஒன்றும் இருக்காது என்று இன்னொரு முறை எழுதினீர்கள் என்றால் நேரில் வந்து உங்களோடு கத்திப் பேசுவேன். எதிர்வீட்டுக்காரர் போலீசையே கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 22

அன்புள்ள முக்கால் டாக்டருக்கு,

உங்கள் வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அகலமான எவர்சில்வர் தட்டு வாங்கினேன், தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டிக் கவிழ்த்தது. மண்சட்டி வாங்கினேன், கவிழ்க்க முடியாத கோபத்தில் உள்ளே ஏறி நின்றது. கடைசியில் என் வழிக்கு வந்தேன். குழாயைச் சுவரோடு பிடித்து வைக்கிற கிளாம்ப் இருக்கிறதே, அதைத் தரையில் திருகி, சட்டியை அசையாமல் பூட்டிவிட்டேன். நான் திருகி முடிக்கும்வரை மேஸ்திரி கைகளை மடக்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் எழுந்து வந்து, காலை உள்ளே விட்டு, சுவர் வரைக்கும் வாரி அடித்தது. அவள் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் கூப்பிடவில்லை. வேலை ஒன்றும் இல்லாததால் அது என்ன செய்கிறது என்றே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சமையல் மேடையில் ஏறித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்கிறது. புதுக் குழாயையே பார்க்கிறது. பளபளப்பைப் பார்க்கிறது போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்து வாயைத் திறக்கிறது, சத்தம் வருவதில்லை. நெடுநேரம் கழித்து இறங்கிப் போய்ச் சட்டியில் காலை விட்டுக் கலக்குகிறது. தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும்போது ரெண்டு வாய் நக்குகிறது. ஆட்டம் நின்றதும் இதுவும் நிறுத்திவிடுகிறது. மறுபடி கலக்குகிறது. குடிப்பதைவிடக் கொட்டுவதுதான் அதிகம். புத்தகத்தில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது?

குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் மச்சான். நான் அதைக் கவனிக்கவே இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எத்தனையோ முறை கழற்றியிருக்கிறேன். வாஷரை மாற்றுவேன், இறுக்கி மூடுவேன், நிற்கும். கை கழுவிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தால் உள்ளே டொக் டொக் என்று மறுபடி சொட்டும். வாஷர் தளர்ந்தால் அப்படித்தான் ஆகும். அடுத்த விடுமுறையில் இன்னொரு வாஷர். கடைசியில் சலித்துப்போய், குழாயையே மாற்றினால்தான் உண்டு என்று தள்ளிப்போட்டுவிட்டேன். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அவள் இதைச் சொல்லிச் சிரிப்பாள். "ஊர்த் தண்ணியை நிறுத்துவாரு, வீட்டுத் தண்ணி இவரு பேச்சைக் கேக்காது" என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நானும் சிரித்தேன். உங்களிடம் சொல்லி வருத்தப்படும் அளவுக்கு உள்ளே ஒரு குறையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது அன்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் மதியம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே இயந்திரத்துக்கு உருளை மாற்றுகிறார்கள், மூச்சுவிட நேரம் இல்லை. அதனால் இது சின்னக் கடிதம்.

பூனையை ஒரு கால்நடை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். புத்தகத்தை நம்பி நான் உளறியதெல்லாம் போதும்.

உங்கள் கடிதத்தை அக்காவும் படித்தாள். படித்துவிட்டு அழுதாள். இங்கே ஒரு பேச்சு வந்தது. அதைக் கடிதத்தில் எழுத முடியாது, கோடை விடுமுறைக்கு அச்சகத்தை மூடும்போது வந்து நேரில் சொல்கிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 15

அன்புள்ள மச்சானுக்கு,

மேஸ்திரியை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். கூடையில் ஏற்றுவதற்குள் என் கை முழுக்கக் கீறல். தூக்கும்போதுதான் கவனித்தேன், உடம்பில் கனமே இல்லை. முடி இருந்ததால் தெரியாமல் போயிருக்கிறது. டாக்டரம்மா கழுத்துத் தோலைக் கிள்ளிப் பிடித்து விட்டார்கள். அது மடிப்பு மடிப்பாக அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் இல்லை, சிறுநீரகம் சுருங்கியிருக்கிறது என்றார்கள். வயது ஒரு காரணம். இனி எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு நாள் என்றார்கள்.

தண்ணீரைக் கொட்டுகிறதே, அது சேட்டையா என்று கேட்டேன். சேட்டை என்று மட்டும் நினைக்காதீர்கள் என்றார்கள். நீங்கள் சொன்ன காரணங்களைத்தான் அவர்களும் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். ஓடுகிற தண்ணீரே வேண்டும் என்று அடம்பிடிக்கிற பூனைகள் உண்டாம். "முன்னாடி எதுல குடிச்சுப் பழகுச்சு?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை மச்சான். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, நம் வீட்டுப் பூனை எதில் தண்ணீர் குடித்தது என்று தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதெல்லாம் என் மனைவிக்குத்தான் தெரியும் என்றேன். "அப்ப அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதுக் குழாயைத் திறந்து காட்டிப் பார்த்தேன். அது சீறிக்கொண்டு வருகிற குழாய். மேஸ்திரி அலமாரி மேல் ஏறிவிட்டது. இப்போது ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரம் விடுகிறேன். பாதி என் சட்டையில் போகிறது.

நேரில் சொல்கிறேன் என்று எழுதினீர்களே, எனக்கு அதுவரை பொறுக்காது. அவள் உங்களிடம் என்ன சொல்லி வருத்தப்பட்டாள்? குழாய் மட்டும்தானா, இன்னும் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் எந்தக் குழாயைத் தொட்டாலும் நீங்கள் சொன்னதுதான் காதில் விழுகிறது. என்னால்தான் அவள் செத்தாள் என்று நான் நினைக்கவில்லை, அந்த அளவுக்குப் பைத்தியம் இல்லை. என்மேல் ஒரு மனக்குறையோடு போயிருக்கிறாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. எதுவாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். தெரிந்துகொண்டால் தூங்குவேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 21

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பாப்பா என்னிடம் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. உங்களைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. குழாய்க் கதையை உங்களிடம் சொன்ன மாதிரியேதான் என்னிடமும் சொன்னாள், கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டு. அவளைத் தரையில் பார்த்ததும் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. எதிரே நீங்கள் நின்றீர்கள். கையில் வேறு எதுவும் கிடைக்கவில்லை, அவள் சொன்ன வேடிக்கைதான் இருந்தது. அதை எடுத்து உங்கள்மேல் எறிந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது மற்றதைக் கேளுங்கள். அந்தக் குழாயில் ஒரு கோளாறும் இல்லை.

போன வருஷம், பூனை முடி ஆகாது என்று டாக்டர் சொல்வதற்கு முன்னால், உங்கள் அக்கா இழுப்புக்குக் காட்ட உங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாளே, அப்போது பார்த்திருக்கிறாள். நீங்கள் வேலைக்குக் கிளம்பிய கையோடு பாப்பா போய்க் குழாயை லேசாகத் திறந்து விடுவாளாம். மேஸ்திரி மேடையில் தயாராக உட்கார்ந்திருக்குமாம். சொட்டுச் சொட்டாக விழ விழ, தலையைச் சாய்த்துக்கொண்டு குடிக்குமாம். நீங்கள் வீட்டில் இருக்கிற நாளில், நீங்கள் இறுக்கி மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்ததும் பின்னாலேயே போய்த் திறந்துவிடுவாளாம். அக்கா கேட்டிருக்கிறாள், ஏன் இப்படி அந்த மனுஷனை ஏமாற்றுகிறாய் என்று. அதற்கு அவள் சொன்னதை அக்கா சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணி, அவருகிட்ட சொல்லிடாதீங்க. மேஸ்திரி கிண்ணத்துல வச்சாக் குடிக்க மாட்டாரு. தண்ணிய வீணாக்குறேன்னு தெரிஞ்சா இவரு குதிப்பாரு. வாஷர் போச்சுன்னே நினைச்சுக்கட்டும். வாஷர் மாத்துற அன்னைக்கு மட்டுந்தான் இவரு சமையல்கட்டுல என்கூட உக்காந்து பேசுறாரு."

இதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாவுக்குக் கொடுத்த வார்த்தை. அன்று கூடத்தில் நான் அப்படிப் பேசும்போது அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் உதறிவிட்டேன். சட்டியில் தண்ணீரை ஆட்டி ஆட்டிக் குடிக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான், பொறுக்க முடியாமல் அழுதுகொண்டு சொன்னாள். அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். உருளை மாற்றுகிறார்கள் என்று எழுதினேன். எந்த உருளையும் மாற்றவில்லை மாப்பிள்ளை. அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்பு என்று எழுதக் கை வரவில்லை. அதற்குள் அந்த வாயில்லா ஜீவன் காய்ந்துவிட்டது.

குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வையுங்கள். உடனே வையுங்கள். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள்.

மச்சான்


மே 6

அன்பு மாப்பிள்ளைக்கு,

தபால்காரர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் எனக்குக் கேட்காது என்பதால் காலையிலிருந்து வாசலிலேயே நிற்கிறேன். உங்கள் அக்கா உள்ளே வரச் சொல்லிக் கையை ஆட்டுகிறாள். போனில் உங்களைக் கூப்பிட்டோம், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அவள்தான் பேசியிருப்பாள்.

நியாயம்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடிதத்தைப் பிரித்திருக்கவே மாட்டேன். இதையாவது பிரித்தீர்கள் என்றால் ஒன்று மட்டும் தெரிவியுங்கள். மேஸ்திரி குடித்ததா?

பாப்பாவும் இல்லாமல் பூனையும் இல்லாமல் நமக்குள் என்ன என்று நீங்கள் முதலில் கேட்டபோது நான் கிண்டலடித்தேன். இப்போது நானே அதைத்தான் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

மச்சான்


மே 20

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ரெண்டு கடிதமும் கிடைத்தது. போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. கோபம் இருந்தது. நீங்கள் கூடத்தில் சொன்னதற்கு இல்லை, உருளைக் கதைக்கு. அதற்காக உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தேன், அவள் அண்ணனைத் திட்டுகிற மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டுதான் படித்தேன். படித்ததும் புதுக் குழாயைத் திறந்தேன். எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் கம்பியாகத்தான் வருகிறது, சொட்ட மாட்டேன் என்கிறது. நல்ல குழாய், என்ன செய்வது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஸ்டோரில் பழைய பித்தளைச் சாமான் போடுகிற பெட்டியைக் கவிழ்த்து, அன்று கழற்றிக் கொண்டுபோய்ப் போட்ட நம் பழைய குழாயைத் தேடினேன். நல்லவேளை, எடைக்குப் போடவில்லை. அங்கேயே உட்கார்ந்து கழற்றினேன். உள்ளே நான் கடைசியாகப் போட்ட வாஷர் புத்தம் புதிதாக இருந்தது, ஒரு தேய்மானம் இல்லை. வேறு யார் வீட்டிலாவது மூடிய குழாய் சொட்டினால் யார் திறந்தது என்று கேட்டிருப்பார்கள். குழாய்க்காரன் வீடு என்பதால் வாஷர்மேல் சந்தேகம் வந்திருக்கிறது. ஸ்டோரில் இருந்தவர் என்னைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன்.

வீட்டுக்கு வந்து புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினேன். மேஸ்திரி மேடையில் ஏறி உட்கார்ந்தது. ஏறும்போது பின்னங்கால் வழுக்கியது, பிடித்து ஏற்றிவிட்டேன். அவள் எவ்வளவு திறந்து வைப்பாள் என்று எனக்குத் தெரியாதே. கொஞ்சம் திறந்தேன், நூலாக வந்தது, திரும்பிக்கொண்டது. குறைத்தேன், சொட்டு வேகமாக விழுந்தது, பார்த்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தேன். டொக், டொக் என்று விழுந்தது. எந்தச் சத்தத்தை நிறுத்த அத்தனை ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டினேனோ அதே சத்தம். மேஸ்திரி எழுந்து வந்து தலையைச் சாய்த்து நாக்கை நீட்டியது. சொட்டு மூக்கில் விழுந்தது, தும்மியது, மறுபடி நீட்டியது. அப்புறம் குடித்தது மச்சான். எனக்குக் கால் வலிக்கும்வரை குடித்தது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உட்காருகிற இடம். வாஷர் மாற்றும்போது பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஸ்பேனரைக் கேட்டால் சுத்தியலைக் கொடுப்பாள். அது இல்லை என்று சொன்னால் வேறொன்றைக் கொடுப்பாள். அந்த வாரம் நடந்ததெல்லாம் அப்போதுதான் சொல்வாள், வேலை முடியும்வரை சொல்வாள். கைக்கு எட்டிய ஸ்பேனரைக் கூடத் தப்பாக எடுத்துக் கொடுக்கிறாளே என்று எரிச்சல்படுவேன். வேலை நீள வேண்டும் என்றுதான் கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நேரம் இல்லை என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

அதன்பிறகு கிண்ணமே வைக்கவில்லை. தரையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. தினமும் சொட்டில்தான் குடித்தது. ஒரு வாரம் முகம் தெளிந்து, பழையபடி நான் சமைப்பதை மேற்பார்வை பார்த்தது. பிறகு மேடையில் ஏற முடியவில்லை, தூக்கிவைத்தேன். அப்புறம் நாக்கை நீட்ட முடியவில்லை, சொட்டை விரலில் பிடித்துக் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை மதியம் மேஸ்திரி போய்விட்டார். வாசல் மரத்தடியில் நானே குழி வெட்டினேன்.

டாக்டரம்மாவிடம் போய் ஒன்று கேட்டேன். முன்பே தெரிந்து முன்பே குழாயைத் திறந்து வைத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று. சிறுநீரகம் போனது நேற்று இன்று இல்லை, கொஞ்ச நாள் கூடியிருக்கும், அவ்வளவுதான் என்றார்கள். உங்களுக்காகத்தான் கேட்டேன். கேட்காமலே இருந்தால் நீங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பீர்கள்.

அச்சகம் மூடியதும் கிளம்பி வாருங்கள். பூனை இல்லை, அக்காவையும் அழைத்துக்கொண்டு வரலாம். இந்த முறை வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவைக்கிறேன், நான் வேலையில் இருந்தால் நீங்களே திறந்து உள்ளே போங்கள். குடிக்கத் தண்ணீர் பானையில் இருக்கும். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், உங்களுக்குச் சத்தம் கேட்காது. கையை நீட்டிப் பாருங்கள், விழும். அதை மட்டும் மூடிவிடாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை